வாக்காளர் இடாப்பில் எங்கள் பெயர்



எங்கள் பக்ரறிச் சாப்பாட்டு அறையில் ஒரு மேசையைத் தமிழ் மேசை என்று எல்லோரும் சொல்வார்கள். பெயர் வைத்தது யாரென்று தெரியாது. பிளாக்டவுன், டூன்சைட், செவன் ஹில்ஸ், பெண்டில் ஹில் பக்கங்களிலிருந்து வருகிற ஏழெட்டுப் பேர் காலை ஷிப்ட் இடைவேளையில் அங்கே கூடிச் சாப்பிடுவோம். பக்கத்து மேசை பிலிப்பைன்ஸ்காரருடையது, அதற்கு அடுத்தது சூடான்காரருடையது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, விசா, ஊர்ப் புதினம் எல்லாம் அந்த அரை மணித்தியாலத்துக்குள் கதைத்து முடிக்க வேண்டும்.

2025 மார்ச் 28ஆம் திகதி மத்திய அரசுத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அடுத்த வாரம் எங்கள் மேசையில் மூத்தவரான அண்ணை ஒருவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். அவுஸ்திரேலியத் தேர்தல் ஆணைக்குழு அனுப்பியது. உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை என்று தெரிகிறது, பதிவு செய்யுங்கள் என்று எழுதியிருந்தது. அண்ணை பிரஜாவுரிமை எடுத்துப் பதினான்கு வருடம். இத்தனை காலத்தில் ஒருமுறை கூட வாக்குப் போட்டதில்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

"ஏனண்ணை பதியேல்லை?" என்று கேட்டோம்.

"லிஸ்டிலை பேர் இருந்தால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

1983 ஜூலையில் அண்ணைக்கு ஒன்பது வயது. வெள்ளவத்தையில் வாடகை வீடு. ஒழுங்கைக்குள் வந்த கூட்டத்தில் ஒருவனின் கையில் தாள்கள் இருந்தன. அவன் இலக்கம் பார்த்து, பெயர் பார்த்து, இந்த வீடு, இந்த வீடு என்று காட்டிக்கொண்டு வந்தான். பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் இவர்களைத் தங்கள் அறைக்குள் விட்டுப் பூட்டியபடியால் உயிர் தப்பினார்கள். வீடு எரிந்தது. அந்த நாட்களில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் தேடிப் பிடிக்க வாக்காளர் இடாப்புக்களைக் கொண்டு திரிந்தார்கள் என்பது புத்தகங்களில் எழுதப்பட்ட செய்தி. எங்கள் அண்ணைக்கு அது புத்தகச் செய்தி அல்ல. தகப்பனாரின் பெயரை ஒருவன் உரத்து வாசித்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவர் அவர்.

அவருக்கு மட்டும் என்றில்லை. எங்களில் அரைவாசிப் பேர் வன்னியிலிருந்து 2009ல் மெனிக் பாமுக்குள் போய் வந்தவர்கள். அங்கே பெயர் பதிவதென்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும். ஒரே பெயரை ஒரு கிழமைக்குள் மூன்று கொப்பிகளில் எழுதுவார்கள். எந்தக் கொப்பி எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. பதிந்த பிறகு சிலரை விசாரணைக்கென்று கூப்பிட்டார்கள். ஆனபடியால் இந்த நாட்டிலும் அரசாங்கத்துக்குப் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுக்கும்போது எங்கள் கை ஒருகணம் நிற்கும். இது சோம்பேறித்தனம் இல்லை. "ஏன் இவ்வளவு காலம் பதியவில்லை" என்று இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிரிக்கும்போது அதைச் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம்.

அந்தப் பயத்தோடு இருக்கிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் படித்தவர்கள் அல்ல. பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவர்கள். கேட்டும் அலைந்தும் அறிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

ஊரில் என்றால் வருடா வருடம் விதானையார் போமைக் கொண்டுவந்து தருவார். வீட்டுக்காரர் நிரப்பிக் கையெழுத்து வைத்தால் அவர் வாங்கிக்கொண்டு போவார். தேர்தலுக்கு முன் தபால்காரர் வாக்காளர் அட்டையைக் கொண்டுவருவார். எல்லாம் வாசலுக்கு வரும். இங்கே விதானையார் இல்லை. ஒவ்வொருவரும் தாங்களாகப் போய்ப் பதிய வேண்டும், அதுவும் கட்டாயம். 1911ஆம் ஆண்டிலிருந்து மத்திய அரசின் வாக்காளர் இடாப்பில் பதிவது சட்டப்படி கட்டாயம். வாக்களிப்பது 1924லிருந்து கட்டாயம். 2012க்குப் பிறகு ஆணைக்குழு வேறு அரச அலுவலகங்களில் உள்ள விபரங்களைப் பார்த்துத் தானாகவே சிலரைச் சேர்ப்பதும் உண்டு. ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது. அடிக்கடி வீடு மாறுகிற எங்களைப் போன்றவர்களைத்தான் அந்த முறை முதலில் தவறவிடும்.

யார் பதியலாம்? அவுஸ்திரேலியப் பிரஜையாக இருக்க வேண்டும், பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், இப்போதுள்ள முகவரியில் ஒரு மாதமாவது வசித்திருக்க வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். பதினெட்டு முடிந்ததும் அவர்கள் தாமாக வாக்காளர் ஆகிவிடுவார்கள். நிரந்தர வதிவிட விசா மட்டும் உள்ளவர்கள் பதியக்கூடாது. வரி கட்டுகிறோம், வீடு வாங்கிவிட்டோம் என்று சொல்லிப் போமை நிரப்பினால் அது பொய்யான தகவல் கொடுத்த குற்றமாகும். பிறகு பிரஜாவுரிமை விண்ணப்பம் வரும்போது அதுவே தலையிடியாக வந்து நிற்கும்.

எங்கே பதியலாம்? பிரஜாவுரிமை எடுக்கும் வைபவம் நகரசபை மண்டபத்தில் நடக்கும்போதே பெரும்பாலும் பதிவுப் படிவம் கிடைத்துவிடும். எங்களில் மூன்று பேர் 2025 தொடக்கத்தில் பிரஜாவுரிமை எடுத்தவர்கள். சத்தியம் செய்து, படம் எடுத்து, தந்த செடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பரபரப்பில் ஒருவர் போமை வீட்டுக்குக் கொண்டுபோய் லாச்சிக்குள் போட்டுவிட்டார். லாச்சிக்குள் போன போம் திரும்ப வெளியே வராது, வாசகர்களே. அந்த இடத்திலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வைபவத்தில் தவறவிட்டவர்கள் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பதியலாம். ஏ.ஈ.சீ. என்று தேடினால் வரும். சாரதி அனுமதிப்பத்திரம், அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு, மெடிகெயார் அட்டை இவற்றில் ஒன்றின் இலக்கத்தைக் கொடுத்தால் போதும். எதுவும் இல்லாதவருக்கு, ஏற்கனவே இடாப்பில் உள்ள ஒருவர் இவர் இன்னார் என்று உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கலாம். கம்பியூட்டர் இல்லாதவர்களுக்கு பிளாக்டவுனில் மாக்ஸ் வெபர் நூலகம் இருக்கிறது. இணையம் வேண்டாம், கடதாசிதான் சரி என்பவர்கள் 13 23 26 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் படிவம் கேட்கலாம். ஆங்கிலத்தில் கதைக்கத் தயங்குபவர்கள் முதலில் 131 450க்கு அழைத்துத் "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது அரசின் மொழிபெயர்ப்புச் சேவை. மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் இருக்க ஆணைக்குழுவோடு கதைக்கலாம்.

ஒருமுறை பதிந்தால் மத்திய அரசு, நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு, நகரசபை ஆகிய மூன்று தேர்தலுக்கும் அதுவே போதும். தனித்தனியாகப் பதியத் தேவையில்லை.

பெயர் விடயத்தில் கவனம். எங்கள் பெயரில் முன்பகுதி எது, பின்பகுதி எது என்று எங்களுக்கே இங்கே வந்த பிறகு குழப்பம். சிலருக்குத் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது. சிலருக்குச் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ஒரே வீட்டில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு வேறொன்று. வாக்களிப்பு நிலையத்தில் குடும்பப் பெயரை வைத்துத்தான் தேடுவார்கள். பிரஜாவுரிமைப் பத்திரத்தில் எந்த ஒழுங்கில் இருக்கிறதோ அதே ஒழுங்கில் பதியுங்கள். தேர்தல் நாளன்று ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்கள் மேசையில் ஒருவருடைய பெயரில் பதினெட்டு எழுத்து. அவர் வாயால் சொல்லிக் கண்டுபிடித்த அதிகாரி இதுவரை இல்லை.

இனி அண்ணையின் பயத்துக்கு வருவோம். இடாப்பை யார் பார்க்கலாம் என்று அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. பொதுமக்கள் பார்க்கும் இடாப்பில் பெயரும் முகவரியும் மட்டும் இருக்கும். அதை ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். பிரதி எடுக்கவோ படம் பிடிக்கவோ முடியாது. கடைக்காரருக்கு விற்பதில்லை. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் கட்சிகளுக்கும் இடாப்பு கொடுக்கப்படும். தேர்தல் காலத்தில் எங்கள் பெயர் போட்டுக் கடிதங்கள் வந்து குவிவது அதனால்தான்.

அதுவும் வேண்டாம், என் முகவரி வெளியே தெரிந்தால் எனக்கோ குடும்பத்துக்கோ ஆபத்து என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. முகவரியை மறைத்துப் பதியும்படி தனி விண்ணப்பம் செய்யலாம். ஏன் பயம் என்பதை எழுதி, சத்தியக் கடதாசியாக ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டால் பெயர் மட்டும் இடாப்பில் இருக்கும், முகவரி இராது. ஊரில் கண்காணிக்கப்பட்டவர்கள், வீட்டுக்குள் வன்முறையிலிருந்து தப்பி வந்த சகோதரிகள் இதை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

அண்ணைக்கு இன்னொரு பயமும் இருந்தது. பதினான்கு வருடம் பதியாததற்குத் தண்டம் அடிப்பார்களோ? இல்லை. தாமாக முன்வந்து பதிகிறவருக்கு, முன்னர் பதியாமல் விட்டதற்காகத் தண்டப்பணம் விதிப்பதில்லை. இதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தோம். இவ்வளவு காலமும் 83ஐச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, போகப் போகத் தண்டப் பயமும் அதற்கு மேல் ஏறி இருந்திருக்கிறது.

ஆனால் காலம் குறைவாக இருந்தது. மத்திய தேர்தலுக்கான உத்தரவுப் பத்திரம் வெளியாகி ஏழாம் நாள் இரவு எட்டு மணிக்கு இடாப்பு மூடப்படும். 2025ல் அது ஏப்ரல் 7, திங்கட்கிழமை. ஞாயிறு பின்னேரம் அண்ணை வீட்டுக்கு இரண்டு பேர் போனோம். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறா, அவதான் தட்டினா. பத்து நிமிட வேலை. முகவரி மறைக்கும் விண்ணப்பத்தில் காரணம் எழுதுகிற இடம் வந்தபோது அண்ணை சொல்லச் சொல்ல மகள் ஆங்கிலத்தில் எழுதினா. வெள்ளவத்தைக் கதையை அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டது. நாங்கள் வெளியே வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம்.

பிளாக்டவுனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பெயர் எப்படி வந்தது என்று நாங்கள் பல வருடம் கேட்டதில்லை. 1816ல் ரிச்மண்ட் வீதிப் பக்கமாக கோல்பீ, நராஞ்சிஞ்சி என்ற இரண்டு தாருக் இனத்தவருக்குக் காணி வழங்கப்பட்டது. பூர்வீகக் குடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த பள்ளி 1823ல் பரமட்டாவிலிருந்து அந்தப் பக்கம் மாற்றப்பட்டது. வெள்ளையர் அந்த இடத்தைக் கறுப்பர் ஊர் என்று அழைத்த பெயர்தான் இன்றும் ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான பூர்வீக மக்கள் எல்லோருக்கும் மத்திய தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1962ல்தான். அவர்களுக்கும் பதிவு கட்டாயம் ஆனது 1984ல்.

1902ல் இந்த நாடு பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தபோது அதே சட்டம் ஆசியா, ஆபிரிக்கா, பசிபிக் தீவுகளில் பிறந்தவர்களைத் தள்ளி வைத்தது. நியூசிலாந்தின் மாவோரியருக்கு மட்டும் விலக்கு. அதை மாற்றும்படி கேட்டு 1922ல் இங்கே ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர் ஒரு தமிழர்: கும்பகோணத்துப் பக்கம் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். 1925ல் பிரித்தானிய இந்தியாவில் பிறந்து இங்கே வாழ்ந்தவர்களுக்கு வாக்குரிமை கொடுக்கப்பட்டது. ஏழைப் பள்ளி ஆசிரியராகத் தொடங்கிய சாஸ்திரியார் தன் ஆங்கிலப் பேச்சால் வெள்ளையரையே வாய் பிளக்க வைத்தவராம். நாங்கள் இன்று ஒரு போம் நிரப்பப் பஞ்சிப்படுகிறோம்.

எங்கள் பக்கத்து மத்திய தொகுதிகளின் பெயர்கள் கிரீன்வே, சிஃப்லி. சிஃப்லி பிரதமராக இருந்தவர். அவருடைய அரசு 1948ல் கொண்டுவந்த சட்டத்தின்படிதான் 1949 ஜனவரி 26லிருந்து அவுஸ்திரேலியப் பிரஜை என்று ஒன்று இருக்கிறது. கிரீன்வே கட்டிடக் கலைஞர். பத்திரத்தில் மோசடி செய்ததற்காக நாடு கடத்தப்பட்டு 1814ல் கைதியாகக் கப்பலில் வந்து இறங்கியவர். பிறகு பழைய பத்து டொலர் தாளிலேயே அவருடைய படத்தைப் போட்டார்கள். கள்ளக் கையெழுத்துக்காரரைக் காசுத் தாளில் போட்ட நாடு, படகில் வந்த எங்களைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் வேடிக்கை.

அதே கிரீன்வே தொகுதியில் 2004ல் நடந்த ஒரு விடயத்தை வாசகர்கள் அறிய வேண்டும். லிபரல் கட்சியின் லூயிஸ் மார்க்கஸ் அம்மையார் தொழிற்கட்சியின் எட் ஹியூசிக்கை ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகளால் வென்றார். அந்தத் தொகுதியில் செல்லுபடியற்ற வாக்குகள் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். அந்த வருடம் நாட்டிலேயே மிகக் கூடியது. அதாவது வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு வாக்குகள் குப்பைக்குப் போயின. ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத குடும்பங்கள் நிறைந்த மேற்கு சிட்னியில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

காரணம் சிறியது. ஊரில் நாங்கள் சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டுப் பழகிய கை. இங்கே மத்திய தேர்தலின் பச்சைத் தாளில் புள்ளடி போட்டால் அந்த வாக்குச் செல்லாது. ஒன்று மட்டும் எழுதினாலும் செல்லாது. எத்தனை வேட்பாளர் இருக்கிறார்களோ அத்தனை கட்டத்துக்கும் 1, 2, 3 என்று தொடர்ந்து, ஒரு இலக்கத்தை இரண்டு தரம் எழுதாமல், விடாமல் எழுத வேண்டும். செனட் சபையின் நீண்ட வெள்ளைத் தாளில் கோட்டுக்கு மேலே என்றால் குறைந்தது ஆறு கட்டம், கீழே என்றால் குறைந்தது பன்னிரண்டு. மாநிலத் தேர்தலிலோ கீழ்ச்சபைக்கு 1 என்று மட்டும் எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறை வைத்தால் மனிசர் குழம்பாமல் என்ன செய்வார்கள்? தாளின் மேலே எழுதியிருப்பதை ஆறுதலாக வாசியுங்கள். பிழைத்துவிட்டால் வெட்டிக் கிறுக்காமல் அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்து வேறு தாள் கேளுங்கள், தருவார்கள். வாசிக்க முடியாத வயோதிபர் தன்னோடு நம்பிக்கையான ஒருவரை உள்ளே கூட்டிக்கொண்டு போக அதிகாரியிடம் கேட்கலாம். வேட்பாளர் மட்டும் அப்படிப் போக முடியாது.

எங்கள் மேசையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் ஒரு இரகசியம் சொன்னா. முதல் தரம் வாக்குப் போடப் போனபோது பிழை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் வெறும் தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாவாம். "பேர் வெட்டியாச்சு, தண்டம் வராது, அது காணும் எண்டு நினைச்சன்" என்றா. இப்போது வீட்டில் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் கீறிப் பழகிவிட்டுப் போகிறா.

வேலைக்காரருக்கு ஒரு விடயம். வாக்களிப்பு எப்போதும் சனிக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை. சனிக்கிழமை ஓவர்டைம் உள்ளவர்கள் என்ன செய்வது? மத்திய தேர்தலுக்கு, முதலாளியிடம் தேர்தல் நாளுக்கு முன்னரே கேட்டால் வாக்களிக்க இரண்டு மணித்தியாலம் வரை விடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆள் இல்லாமல் போனால் ஆபத்தோ பெரிய நட்டமோ வரும் வேலைக்கு மட்டும் விலக்கு. எங்களுக்கு இது தெரியாது. முன்பு வேறு ஒரு இடத்தில் வேலை செய்தபோது சுப்பவைசர் முடியாது என்று சொன்னதும் ஒருவர் வாய் பேசாமல் லைனில் நின்றார். பிறகு தண்டக் கடிதம் வந்தது. முன்கூட்டியே வாக்களிக்கும் நிலையங்களும் திறப்பார்கள். தபால் மூலமும் போடலாம். இரவு ஷிப்ட்காரருக்கு முன்கூட்டிய நிலையம்தான் வசதி.

தண்டம் மத்திய தேர்தலுக்கு 20 டொலர், மாநில, நகரசபைத் தேர்தல்களுக்கு 55 டொலர். சுகயீனம் போன்ற தகுந்த காரணம் இருந்தால் எழுதி அனுப்பலாம். தண்டத்தை விட மோசம், கடிதம் பழைய வீட்டுக்குப் போவது. பெண்டில் ஹில்லில் இருந்து பிளாக்டவுனுக்கு மாறிய எங்கள் நண்பர் ஒருவர் முகவரி மாற்றவில்லை. 55 டொலர்க் கடிதம் பழைய வீட்டுத் தபால் பெட்டிக்குள் கிடந்து, அடுத்த கடிதத்தில் தொகை கூடி, அதற்கும் பதில் போகாமல் இன்னும் கூடியது. வீடு மாறி ஒரு மாதம் முடிந்தால், அடுத்த 21 நாளுக்குள் புது முகவரியைப் பதிய வேண்டும். லைசென்சில் முகவரி மாற்றினால் இது தானாக மாறும் என்று நினைத்து இருந்துவிட வேண்டாம்.

இவ்வளவும் எழுதும்போது எங்கள் மேசையில் இருந்துகொண்டு வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவரும் 2012ல் படகில் வந்தவர். அவருடைய வழக்கு நிராகரிக்கப்பட்டது. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த ஏறக்குறைய 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தபோது, நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வெளியே விடப்பட்டார்கள். அவர் இன்னும் பிரிட்ஜிங் விசாவில். ஒரே படகில் வந்தவர்களில் ஒருவருக்கு வாக்கு இருக்கிறது, ஒருவருக்கு விசா நாள் எண்ணும் வேலை இருக்கிறது. 2023ல் எங்கள் பெண்களும் ஈரானியப் பெண்களுமாக இருபத்திரண்டு பேர் மெல்பேர்னிலிருந்து கன்பரா வரை ஏறக்குறைய 640 கிலோமீற்றர் நடந்தது இந்த விடப்பட்டவர்களுக்காகத்தான். அவர்களில் பலருக்கும் வாக்கு இல்லை. காலைத்தான் அவர்களால் பாவிக்க முடிந்தது.

வாக்கு இல்லாமல் இருப்பது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. இலங்கையில் 1931ல் சர்வசன வாக்குரிமை வந்தது. மலையகத் தமிழர் 1947ல் பாராளுமன்றத்துக்குத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ல் தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் அவர்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. அந்தப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை எடுத்தது. தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் எங்கள் உறவுகள் பல்லாயிரம் பேர் வாக்கில்லாமல் இருக்கிறார்கள். 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த நளினி கிருபாகரன் வழக்குப் போட்டு, 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியப் பிரஜை என்று காட்டி, 2022ல் மதுரை நீதிமன்றத்தில் வென்று கடவுச்சீட்டு எடுத்தார். 2024 ஏப்ரல் 19ஆம் திகதி திருச்சியில் வரிசையில் நின்று வாக்களித்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 38 வயது. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு எங்கள் தம்பி சொன்னார்: "எனக்கு இன்னும் வயசிருக்கு."

2025 மே 3ஆம் திகதி பிளாக்டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏழு பேராகப் போனோம். தம்பியும் கூட வந்தார்; வெளியே நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். வாசலில் கட்சிக்காரர் ஆளாளுக்குத் தாள் நீட்டினார்கள். சொசேஜ் சுடும் வாசம் வீதி வரை வந்தது. ஆமி இல்லை, துவக்கு இல்லை, விரலுக்கு மை இல்லை, அடையாள அட்டை கேட்கவும் இல்லை. பெயர் என்ன, எங்கே வசிக்கிறீர்கள், இந்தத் தேர்தலில் ஏற்கனவே வாக்களித்தீர்களா என்ற மூன்று கேள்விதான்.

அண்ணை துண்டில் எழுதிய பெயரைக் காட்டினார். அந்த வெள்ளைக்காரப் பிள்ளை விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தது. பெயர் இருந்தது, முகவரி இல்லை. அவரைத் தனியாக ஒரு பக்கம் கூட்டிப்போய் வேறு படிவம் ஒன்று நிரப்ப வைத்தார்கள். எங்களுக்கு அரை மணித்தியாலம் காத்து நின்றதில் எரிச்சல். அண்ணை வெளியே வந்து அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொசேஜ் வாங்கித் தந்தார், தம்பிக்கு இரண்டு.

மாநிலத் தேர்தல் 2027 மார்ச்சில், நகரசபைத் தேர்தல் 2028 செப்டெம்பர் 9. பதிவுப் படிவங்கள் கொஞ்சம் எங்கள் மேசையில் வைத்திருக்கிறோம். சூடான்காரர் மேசையிலிருந்தும் வந்து இரண்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.